இரண்டு கரை பாக்கி

ஆற்றுவிளை
19-10-1987

என் அம்பிளிக்கு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உன் வீட்டுக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை உன் அம்மா கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை உன் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு, "என்ன, இங்கயும் மணியடிக்க வந்தியா?" என்று கேட்டான். நீ கொல்லத்தில் சித்தி வீட்டில் இருப்பதாகத் தபால்காரர்தான் சொன்னார்.

நடந்ததை உன்னிடம் ஒருமுறையாவது சொல்லிவிடுகிறேன். எண்ணூறு மீட்டருக்குப் பதினாறு தடவை கரை தொட வேண்டும் என்பது நம் இருவருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நான் நடுவர் தேர்வில் தேறிய பிறகு வந்த முதல் தேசிய நீச்சல் போட்டி இது. ஆள் போதவில்லை என்று உன் தடத்திலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். நீ எதிர்க்கரைக்குப் போய் என் பக்கம் திரும்பி வரும் ஒவ்வொரு முறைக்கும் காகிதத்தில் ஒரு கோடு. ஏழாவது கோட்டில், இன்னும் இரண்டு கரைதான் பாக்கி என்று மணி அடிக்க வேண்டும். நீ இரண்டாம் இடத்துக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குதிப்பில் ஒரு கோட்டை இரண்டாகப் போட்டிருக்கிறேன். இரண்டு கரை முன்னாலேயே அடித்துவிட்டேன்.

மணி கேட்டதும் நீ வங்காளத்துப் பெண்ணைத் தாண்டிப் பறந்து வந்தாய். முதல் ஆளாகக் கரையைத் தொட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினாய். மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். "அம்பிளீ, இன்னும் ரெண்டு இருக்குடீ, போ, போ!" என்று கத்தினேன். நீ அழுதுகொண்டே மேலே ஏறிவிட்டாய்.

நடுவர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள். அது நியாயம்தான். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன்
ஷைலஜா


கொல்லம்
2-11-1987

அன்புள்ள ஷைலூ,

கடிதம் கிடைத்தது. நீ எதற்குப் பட்டினி கிடக்கிறாய்? அம்மாவும் அண்ணனும் செய்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. நான் உன்னைத் திட்டமாட்டேன். கை தவறுவது யாருக்கும் நடப்பதுதான்.

பத்திரிகைக்காரர் ஒருவர் இங்கே வந்திருந்தார். "மிச்சம் எத்தனைன்னு எதிர்க்கரையில தண்ணிக்குள்ள அட்டை காட்டுவாங்களே, அதைப் பாக்கலையா?" என்று கேட்டார். தண்ணீர் கலங்கியிருந்தது, தெரியவில்லை என்று சொன்னேன். மணி பறித்த தங்கம் என்று என் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அரசு வேலை தருவதாக அமைச்சர் அறிவித்திருக்கிறார். சித்தி தினமும் மத்தி வறுத்து வைக்கிறாள். எனக்கும்தான் இறங்கவில்லை.

இதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாமே, ஷைலூ.

அன்புடன்
அம்பிளி


கோழிக்கோடு
8-9-1996

அன்புள்ள அம்பிளிக்கு,

வருடா வருடம் தேசியப் போட்டி நடக்கும் வாரத்தில் உனக்கு எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீ ஓண வாழ்த்து அட்டையில் இரண்டு வரி எழுதி அனுப்புகிறாய். பெரிய உத்தியோகக்காரி, நேரம் இருக்காதுதான். கோபமில்லை, சும்மா சொல்கிறேன்.

போன மாதம் நாத்தனார் கல்யாணத்தில், நம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவர் என்னைக் காட்டி, "இதுதான் அந்த மணிக்காரி" என்று பந்தியிலேயே சொன்னார். பக்கத்தில் மாமியார் இருந்தார். பாயசம் இலையிலேயே கிடந்தது. கோழிக்கோடுவரை ஓடி வந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

என் நீதுவுக்கு ஆறு வயது. கோயில் குளத்தைப் பார்த்தாலே இறங்கணும் என்று அழுகிறாள். நான் விடுவதில்லை. ஏன் என்று அவர் கேட்டால் சளி பிடிக்கும் என்கிறேன்.

உன் மகனுக்கு என் முத்தங்கள்.

உன்
ஷைலஜா


கோழிக்கோடு
3-8-2006

அன்புள்ள அம்பிளிக்கு,

ஒரு நல்ல செய்தி. அது எனக்கு விஷமாக இருக்கிறது. நீது எனக்குத் தெரியாமல் நான்கு வருடமாகப் பள்ளிப் பயிற்சியாளரிடம் நீந்தியிருக்கிறாள். அவள் அப்பாவுக்குத் தெரியுமாம், தலையை வேறு துவட்டிவிட்டுக் கூட்டி வருவாராம். இப்போது கேரள அணியில் எடுத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில், அதே குளத்தில், அதே எண்ணூறு மீட்டர்.

படிவத்தில் அம்மா பெயர், சொந்த ஊர் எல்லாம் பார்த்துவிட்டுப் பயிற்சியாளர், "அந்த ஷைலஜாவா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து, "நீ என்னம்மா செஞ்ச?" என்றாள். சொன்னேன். கேட்டுவிட்டுப் படிவத்தை என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். இருபதாம் தேதிக்குள் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தாய் போட்டால்தான் போவேன் என்கிறாள், பிடிவாதக்காரி.

தொடக்க விழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் அந்த மேடைக்குக் கீழே என் பிள்ளை என்ன முகத்தோடு நிற்பாள்? நான் கையெழுத்துப் போடப்போவதில்லை.

உன்
ஷைலஜா


திருவனந்தபுரம்
9-8-2006

ஷைலூ,

கையெழுத்துப் போடு. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே போடு.

அன்று அட்டையைப் பார்த்தேன். மூன்று என்று இருந்தது. தண்ணீர் கலங்கவே இல்லை, தரையில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. அட்டைக்கு முன்னாலேயே, நீ மணி அடித்தபோதே தப்பு என்று தெரியும். எண்ணாமல் நான் என்றைக்கு நீந்தியிருக்கிறேன்?

என் கை இரண்டும் செத்துப்போயிருந்தன. இன்னும் நான்கு கரை என்றால் ஐந்தாவதோ ஆறாவதோதான் வருவேன் என்று தெரிந்துவிட்டது. இரண்டு கரை என்றால் உயிரைக் கொடுத்து நீந்தலாம். அப்புறம் நின்றுவிடலாம். பழி மணிக்குப் போகும். இவ்வளவும் ஒரு மூச்சு எடுக்கும் நேரத்தில் தோன்றியது. நீ கத்தியது நன்றாகக் கேட்டது. அழுதேன் அல்லவா, அது நடிப்பில்லை. ஆனால் நீ நினைத்த காரணத்துக்காகவும் அழவில்லை.

அந்தப் பொய்யில்தான் வேலை வந்தது, வீடு வந்தது, இந்தப் பொன்னாடையும் வருகிறது. உன் கடிதம் வரும்போதெல்லாம் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பேன். பதில் எழுத உட்கார்ந்தால் வெட்கம் பிடுங்கித் தின்னும். அதனால்தான் இரண்டு வரி.

உன் பிள்ளையை நிறுத்தாதே.

அம்பிளி


கோழிக்கோடு
14-8-2006

அம்பிளி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதற்கே வெட்கமாக இருந்தது. மணியை முன்னால் அடித்தது நான்தான், அதை யார்மேலும் போட மாட்டேன். ஆனால் அப்பாவை நினைத்தேன். "மணிக்காரியோட அப்பன் வரான்" என்று சொல்கிறார்கள் என்று டீக்கடைக்குப் போவதையே விட்டவர். கடைசி வருடம் வாசல் படலைத் தாண்டவே இல்லை. அவர் காரியத்துக்கு நீ வந்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். அப்போதுகூட உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொடக்க விழாவில் உன்னிடம் மைக் கொடுப்பார்கள். அங்கே சொல். நீது வரிசையில் நிற்பாள், அவள் காதில் விழும்படி சொல். அதற்கப்புறம் உன் பக்கத்தில் வந்து உட்காருகிறேன், பழைய ஷைலுவாக. சத்தியம்.

ஷைலஜா


திருவனந்தபுரம்
21-9-2006

ஷைலூ,

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். என் கையால் ஒருமுறை எழுதியாக வேண்டும்.

மூன்றாம் வரிசையில் உன்னையும் உன் கணவரையும் பார்த்தேன். சொல்ல வேண்டியதை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். "தங்கம் பறிபோன நம்ம அம்பிளி சேச்சி!" என்று அறிவித்தார்கள். வாட்டர் போலோ பையன்கள் உட்பட எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் மகன் விசில் அடித்தான். பொன்னாடை தோளில் விழுந்தது. மைக்கைப் பிடித்தேன். "யாரையும் நான் குறை சொல்லல. பாவம், அவங்களும் தெரியாம செஞ்சதுதானே" என்று என் வாய் சொன்னது. அதற்கும் கைதட்டினார்கள்.

நீ எழுந்து போனாய். நீது போக முடியாமல் அணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் போட்டிக்கு ஒளிந்து வந்தேன். கடைசி நான்கு கரையில் அவளுக்குக் கை எழும்பவில்லை. ஏழு பேரும் முடித்துவிட்டு மேலேறித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனியாகப் போய்த் திரும்பி வந்தாள். எட்டாவது. பதினாறு கரையையும் தொட்டாள். அந்தக் குளத்தில் எனக்கு அதுவரை வராத வெட்கம் அப்போது வந்தது.

உடை மாற்றும் அறை வாசலில் நீ அவளுக்குத் துண்டு போர்த்திக்கொண்டிருந்தாய். "ஷைலூ" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். நீயோ பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல், "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? பிள்ளைக்குக் குளிருது" என்றாய்.

தள்ளி நின்றேன்.

அம்பிளி