ஆவிக்கதிர் கேட்ட அவகாசம்

இன்று காலை நான்காம் படிவத்துப் பிள்ளைகளுக்கு மடக்கை சொல்லிக்கொடுக்க என் பழைய அட்டவணைப் புத்தகத்தைத் திறந்தேன். நீலப் பொடி கொஞ்சம் மேசையில் உதிர்ந்தது. முன்வரிசையில் இருந்தவள், "டீச்சர், உங்க புக்குல சாக் உடைஞ்சி கெடக்கு" என்றாள். கரும்பலகையில் எழுதும் சாக் அந்த நிறத்தில் இருக்காது. அது தையல்காரர்கள் துணியில் கோடு போடும் கட்டியின் பொடி. நீ எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், ஓரிடத்தை வெறுமையாக விட்டு அதன் அடியில் அந்தக் கட்டியால் கோடு இழுத்திருந்தாய். அந்தக் கடிதம் புத்தகத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான்தான் அதை அங்கே ஒளித்து வைத்தேன். அதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலாக்காவின் காஜா பெராங்கில் நம் இளைஞர் மன்றம் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே பிரதிதான். மாதம் ஒரு நோட்டு. பின் அட்டையில் வீடுகளின் வரிசை எழுதியிருக்கும். ஒரு வீட்டில் இரண்டு நாள், பிறகு அடுத்த வீடு. கடைசி இரண்டு தாள்களை வாசகர் கருத்துக்கென்று விட்டிருப்பார்கள். படித்தவர்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது வழக்கம். என் அப்பா சாலை போடும் முனிசிபல் தொழிலாளி. அவர் கையெழுத்தை மட்டும் போடுவார், கருத்து எழுதமாட்டார். நான் இரண்டுமே செய்ததில்லை.

அந்த நோட்டில் வந்த விண்வெளித் தொடர்கதைக்காகத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள். எழுதியவருக்கு ஓர் ஆண் பெயர். கதையில் ஒரு மாதம் எதிரியின் வான்கப்பல் ஒரு நகரத்தின்மேல் வந்து நின்றது. அதிலிருந்து ஆவிக்கதிர் பாய்ந்தது. நம் மலாக்கா ஆற்றைப் போன்ற ஓர் ஆறு கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகிப் போனது. "கரையில் நின்ற மக்கள் வாய் பிளந்து பார்த்தனர்" என்று அந்தப் பகுதி முடிந்தது. கருத்துத் தாளில் வரிசையாக "அபாரம்", "நெஞ்சு படபடத்தது" என்று எழுதியிருந்தார்கள்.

அப்போது நான், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவத்துக்கு மட்டும் பெண்களைச் சேர்த்த ஆண்கள் பள்ளியில் படித்தேன். இயற்பியல் வகுப்பில் இருந்த மூன்று பெண்களில் ஒருத்தி. விடை தெரிந்தாலும் கை தூக்கியதில்லை. அன்று வீட்டில் யாரும் இல்லாத நேரம், பென்சிலை எடுத்து, தாளின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் எழுதினேன்: "ஆற்றின் அகலம் நூறு அடி, ஆழம் ஆறு அடி, பாலத்திலிருந்து கடல்வாய் வரை அரை மைலுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மண்ணெண்ணெய்த் தகரங்களை எரிக்கும் வெப்பம் வேண்டும். அது ஒரு கணத்தில் வந்தால் கரையில் நிற்பவர்கள் வாய் பிளந்து பார்க்கமுடியாது. அவர்கள் இருக்கமாட்டார்கள்." பெயர் போடவில்லை. நோட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

நான்காம் நாள் மாலை நீ வாசலில் வந்து நின்றாய். கழுத்தில் அளவு நாடா, கையில் அந்த நோட்டு. உன்னைத் துக்காங் எமாஸ் தெருவிலிருந்த தையல் கடையில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"என்னாம்மா, எங்க புள்ள ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

"தப்பு பண்ணது நான், மாமா. அது எவ்வளவு பெரிய தப்புன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றாய். பிறகு கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "உங்களுக்கு முந்தின வீட்டுல இந்த வரி இல்லையாம். பிந்தின வீட்டுல இருந்துச்சாம். அப்போ நீதான்" என்றாய்.

"அந்த எழுத்தாளர் அனுப்பினாரா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்த ஆளே நான்தான்லா. வெளிய சொல்லிடாத. பொம்பள எழுதுறான்னு தெரிஞ்சா, கப்பல்ல எந்தப் பக்கம் அடுப்புன்னு கேப்பாங்க."

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தன் பிழையை இன்னொருத்தி பென்சிலில் குறித்ததற்காக வீடு வீடாகத் தேடி வந்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்டுகளிலும் பார்க்கவில்லை. நீ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று நான் சொன்னபோது ஒரு முறைதான் கேட்டாய். மறுநாள் அதை எனக்கே திருப்பிச் சொன்னாய். "ஊசி சிவக்க சிவக்கச் சுட்டாலும் ஒரு வாளித் தண்ணி சூடாவாது. அதானே?" அதைவிடத் தெளிவாக நான் இன்றைக்கும் வகுப்பில் சொல்வதில்லை.

ஆறு அடி ஆழம் என்று நான் எழுதியது வெறும் ஊகம். அது உனக்குப் பிடிக்கவில்லை. "ரவிக்கைக்குக்கூட அளவு எடுக்காம கத்திரி வைக்கமாட்டேன், ஆத்துக்கு வைப்பியா?" என்றாய். ஞாயிற்றுக்கிழமை கரிப்படகுகள் நிற்கும் துறைக்கு என்னை இழுத்துப் போனாய். ஒரு மலாய்க்காரப் படகோட்டியிடம் கழியை இரவல் வாங்கி ஆற்றில் ஊன்றி, நனைந்த உயரத்துக்கு உன் நாடாவைப் பிடித்தாய். ஆறடி மூன்று அங்குலம். உனக்கு ஒரே பெருமை. "பாத்தியா, உன் ஊகம் மோசமில்ல" என்றாய்.

படகோட்டி நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது ஆயெர் சூருட், தண்ணி வத்துற நேரம். மத்தியானம் ஆயெர் பாசாங் வரும், தண்ணி ஏறும். அப்போ வந்து அள" என்று மலாயில் சொன்னார். நாம் இருவரும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும் ஆற்றை ஒரே அளவு என்று கணக்குப் போட்டிருந்தோம். மத்தியானம் வரை காத்திருந்து அளந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் இரண்டு லட்சம் தகரமும் நாலு லட்சத்தைத் தாண்டியது.

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. நீயோ துறைப் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தாய். "அப்போ எதிரிக்கும் இந்தத் தொல்லை இருக்கும்லா" என்றாய். அடுத்த மாத நோட்டில் எதிரியின் கப்பல் இன்னொரு நகரத்தின் வானத்தில் ஆறு மணி நேரம் சும்மா நின்றது. அங்குள்ள ஆற்றில் தண்ணீர் வற்றட்டும் என்று காத்திருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் நகரத்து மக்கள் தப்பினார்கள். என் பிழையை நீ கதையாக்கிவிட்டாய். கருத்துத் தாளில் அந்த மாதம் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். நான் எழுதவில்லை. நேரில்தான் சொன்னேனே.

அதன்பிறகு நமக்குள் ஒரு முறை வந்துவிட்டது. எண் வரவேண்டிய இடத்தில் நீ இடம் விட்டு, நீலக் கட்டியால் அடிக்கோடு போட்டு நோட்டை என்னிடம் தருவாய். நான் கணக்குப் போட்டுப் பென்சிலால் நிரப்புவேன். நீ அதன்மேல் மையால் எழுதுவாய். "கணக்குப்பிள்ளை வந்தாச்சா?" என்று கடை உள்ளிருந்து நீ கூப்பிடுவது தெருவுக்கே கேட்கும். நான் குனிந்துகொண்டே உள்ளே வருவேன்.

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்காவுக்கு முந்தின வாரங்களில் உன் கடை முழுக்கக் கொடிகள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகளை நீ தையல் மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாய். அன்றுதான் ஓர் ஒப்பீட்டை உன்னிடம் கொண்டுவந்தேன். ஜப்பானில் விழுந்த அணுகுண்டின் வலிமை எத்தனை டன் வெடிமருந்துக்குச் சமம் என்று பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றில் பார்த்திருந்தேன்.

"ஆவிக்கதிர் கிட்டத்தட்ட ரெண்டு குண்டு" என்றேன்.

"ஒரு ஆத்துக்கா?"

"நம்ம ஆத்துக்கு. அதுவும் வத்தின நேரத்துல."

உன் கால் மிதியில் நின்றுவிட்டது. உன் அப்பாவை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரியாததை அன்று சொன்னாய். குண்டு விழுந்த சேதி வந்தபோது உன் அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாராம். "நானும் கை தட்டினேன். எட்டு வயசு." நூலை அறுத்துவிட்டு, "அங்கயும் ஆறு இருந்திருக்கும்ல? யாராச்சும் துணி துவைச்சிக்கிட்டு இருந்திருப்பா" என்றாய். பிறகு பட்டையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் மிதித்தாய். நான் தைத்து முடிந்த கொடிகளை மடித்து அடுக்கினேன்.

அதற்குள் கதையின் தலைவனுக்கும் ஆவிக்கதிர் கிடைத்திருந்தது. "எதிரி நகரத்தை எப்போது சுடுவான்?" என்று கருத்துத் தாள் முழுக்கக் கேட்டார்கள். நீ வருடக்கணக்கில் அவனைச் சுடவிடவில்லை. நான் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனேன். எண் நிரப்புவது கடிதத்தில் நடந்தது. மூன்றாம் வருடத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உன் அந்தக் கடிதம் வந்தது.

"தலைவன் சுடத்தான் போறான், வாசகருங்க விடமாட்டாங்க. ஆனா முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் சுடுவான். பாலத்துக்கிட்ட ஒரு பொம்பள, இடுப்புல புள்ள. அவ நடந்தே தப்பிக்க எவ்வளவு நேரம் வேணும்? எவ்வளவு தூரம் போனா உடம்பு வேகாது? அதுதான் அவன் குடுக்கிற அவகாசம். கோடு போட்டுட்டேன். நீ சொல்ற வரைக்கும் நோட்டு வெளிய போகாது."

விடுதியில் என் அறைத்தோழி அதை எட்டிப் படித்தாள். "தையல்காரி எழுதுற வான்கப்பல் கதையா? இதுக்காடி பட்டம் படிக்கிற?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிரித்துவிட்டு, கடிதத்தை மடக்கை அட்டவணைக்குள் வைத்தேன். தேர்வு முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ இருமிக்கொண்டே எழுதியிருக்கிறாய் என்று கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. தேர்வு முடிந்த வாரம் அப்பாவின் கார்டு வந்தது. நீ போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

உன் தங்கை அந்த நோட்டை என்னிடம் தந்தாள். கதை முழுதும் உன் அழகான கையெழுத்தில் முடிந்திருக்கிறது. ஓர் இடம்தான் பாக்கி. "தலைவன் அந்த நகரத்துக்குக் கொடுத்த அவகாசம்", பிறகு நீலக் கோடு, பிறகு முற்றுப்புள்ளி. மன்றத்தில், எழுதத் தெரியாமல் அந்த ஆசாமி பாதியில் ஓடிவிட்டான் என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள். ஓர் எண் வராததால் ஒரு கதையை உன்னால் நிறுத்தி வைக்க முடிந்தது. அந்த எண்ணை நான் அனுப்பியிருந்தால் அந்தக் கதை உன் கண்முன்னால் வீடு வீடாகப் போயிருக்கும்.

இதுவரை எழுதியது திங்கட்கிழமை. இப்போது சனிக்கிழமை மாலை.

செவ்வாயும் புதனும் தூரத்தைக் கணக்கிட்டேன். கதிரின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு சுற்றிலும் சிதறும் என்று வைத்துக்கொண்டேன். தூரம் இரண்டு மடங்கானால் மேலே படும் சூடு நாலில் ஒன்றாகும். தோல் கொப்புளிக்காமல் இருக்கப் பாலத்திலிருந்து மூன்று மைல் வேண்டும். நேரத்தை மட்டும் தாளில் போட மனம் வரவில்லை. ரவிக்கைக்கே அளவு எடுப்பவள் நீ.

அதனால் இன்று அண்ணன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். அவளுக்கு இரண்டு வயது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பிள்ளையார் கோயிலையும் பள்ளிவாசலையும் தாண்டினேன். உன் கடையில் இப்போது வேறு யாரோ மெஷின் மிதிக்கிறார்கள். காஜா பெராங் வருவதற்குள் இடுப்பு மரத்துவிட்டது. அண்ணி எட்டிப் பார்த்து, "எங்க போற, வீடு இங்கதானே இருக்கு?" என்றாள். "இன்னும் மூணு மைல் வட்டத்துக்குள்ளதான் அண்ணி இருக்கோம்" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ. என் வீடு, உன் வீடு இரண்டுமே உள்ளேதான் இருக்கின்றன. செங் ஊருக்குப் போகும் சாலையில் பிள்ளை இரண்டு முறை தண்ணீர் கேட்டாள். ஒரு முறை இறங்கி, நடக்கமாட்டேன் என்று அடம்பிடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதையும் கழிக்காமல் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது மைல் கல்லைத் தொட்டபோது ஒரு மணி நாற்பது நிமிடம்.

நீ இருந்தால் விடமாட்டாய். அவள் சேதியைக் கேட்டதும் நம்பவேண்டும், அடுப்பை அணைக்கவேண்டும், மாமியாரை எழுப்பவேண்டும், அதற்கு நேரம் எங்கே என்று கேட்பாய். இருபது நிமிடம் சேர்த்தேன்.

கோட்டின்மேல் "இரண்டு மணி நேரம்" என்று முதலில் பென்சிலால் எழுதினேன். மையால் எழுதுவது உன் வேலை என்று கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு நானே எழுதினேன். முதல் பக்கத்தில் அந்த ஆண் பெயருக்குக் கீழே உன் சொந்தப் பெயரையும் எழுதியிருக்கிறேன். கேட்காமல் செய்ததற்குப் பொறுத்துக்கொள். அடுப்பு எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

நாளைக் காலை நோட்டு முதல் வீட்டுக்குப் போகிறது. கருத்துத் தாளில் முதல் வரி என்னுடையது: "கணக்கு சரி. நடந்து பார்த்தேன்." கீழே, மற்றவர்கள் படிக்கக்கூடிய எழுத்தில், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.