பின்னறைக்கு அடியில்

ஞாயிறு, 21-1-96

பனி. வெகுநேரம் மலையே தெரியவில்லை. இயற்கைக் குழுவின் கூட்டம் இம்முறை எங்கள் வீட்டில். ஒன்பது பேர். தொண்டாமுத்தூர் பஸ்ஸில் இறங்கி மிச்ச தூரம் நடை. ரவை உப்புமா, காப்பி. சர்க்கரை பற்றவில்லை.

இன்றைய பாடம், சமையலறைக் கழிவை உரமாக்குவது. இவர்தான் பேசினார். ரிட்டையர் ஆன பிறகும் மில் மேனேஜர் குரல் போகவில்லை. பிறகு வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். கடப்பாரை ஹனீபா தம்பி கையில். டவுனில் பூட்டுக் கடை வைத்திருப்பவர், மண்வேலை பழக்கமில்லை. சிரித்துக்கொண்டே வெட்டினார். இடுப்பளவு போனதும் ணங்கென்று ஒரு சத்தம்.

"கல்லுங்களா சார்?"

கல் இல்லை. எலும்பு. ஒருவர் தூக்க முடியாத கனம். படகு போல வளைவு, உள்ளே அம்மி கொத்தினது மாதிரி வரி வரியாகப் பல். யானையின் கீழ்த்தாடை. எல்லோருக்கும் ஒரே குஷி. கழுவி, போட்டோ எடுத்து, முன் வராந்தா பெஞ்சில் வைத்தாயிற்று. அடுத்த கூட்டத்துக்குப் பாடம் கிடைத்துவிட்டதாம்.

"வனத்துறைக்குச் சொல்லோணுமுங்க சார்" என்றார் ஹனீபா.

"சொல்லலாம். என்ன அவசரம்?"

இவர் மட்டும் ஆச்சரியப்படவில்லை. அந்தக் குழியை மூடச் சொல்லிவிட்டு வேறு இடம் காட்டினார்.

திங்கள், 22-1

நல்ல வெயில். மகள் சுமதி போன் செய்தாள். ஏழாம் மாதம், கால் வீங்குகிறதாம். வெள்ளிக்கிழமை போய் அழைத்து வர வேண்டும். பின்னறை அவளுக்கு. மெத்தையைக் காயப்போட்டேன். கொசுவலை, ஃபிளாஸ்க், விளக்கெண்ணெய் வாங்க வேண்டும்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சில்வண்டுச் சத்தம் சட்டென்று நின்றது. நிமிர்ந்தால் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஒரு யானையின் தலை. கொம்பில்லை, பெண் யானை. தனியாக வந்திருக்கிறது. வீட்டைப் பார்த்தபடி நின்றது. அவ்வளவுதான். நின்றது.

இருட்டின பிறகு போய்விட்டது. போகும் சத்தம்கூட இல்லை.

செவ்வாய், 23-1

காலையில் பக்கத்துத் தோட்டத்து ராமாத்தா பால் கொண்டுவந்தாள். கறவை மாட்டைத் தங்கை ஊருக்கு ஓட்டிவிடப் போகிறாளாம்.

"எங்க வாழை குலை தள்ளி நிக்குது அம்மணி. ஒரு எலையத் தொடல. உங்க ஊட்டயே பாத்துட்டு நின்னுருக்குது. இது திங்க வந்ததில்லீங்க."

சாயங்காலம் மறுபடி. இன்று முன்பக்கம். துதிக்கையைச் சுவருக்கு மேலே நீட்டி, வராந்தாப் பக்கம் நுனியைத் திருப்பித் திருப்பி மோந்தது. இவர் தகரம் தட்டினார். தீபாவளி மிச்சத்தில் ஒரு அணுகுண்டு வைத்தார். கண்ணை மூடித் திறந்தது. வேறு அசைவில்லை.

நான் சமையலறைக்கு ஓடினேன். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் தானாக நடுங்கின. காதில் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சுக்கூட்டில் மட்டும் தூரத்தில் மாவு மில் ஓடுகிற அதிர்வு.

புதன், 24-1

தூக்கமில்லை. தலைவலி. செத்துப்போன உறவின் எலும்பை யானை தேடி வரும், தடவிப் பார்க்கும் என்று போன மாதக் கூட்டத்தில் சொன்னது இவர்தான். சிலைடு போட்டுக் காட்டினார். அதைச் சொன்னேன்.

"ஏனுங்க, எடுத்த எடத்துலயே வச்சரலாமுங்க."

"பாடம் நடத்தறதுக்கு வேணும், ருக்கு. அது நாலு நாள் வரும், போயிரும்."

ஹனீபாவுக்குப் போன் செய்தேன். கடையைப் பூட்டிவிட்டு மத்தியானமே வந்துவிட்டார், நல்ல மனிதர். இரண்டு பேருமாகத் தாடையைச் சாக்கில் போட்டு இழுத்து, சுவருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தோம். இவர் தடுக்கவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

"பயமா இருக்குதுங்களாக்கா?"

"இல்ல தம்பி" என்றேன். இருந்தது.

அது வந்தது. மாடியிலிருந்து பார்த்தோம். நுனித் துதிக்கையால் பல்லின் வரிகளைத் தடவியது. புரட்டியது. திரும்பி நின்று பின்னங்காலைத் தூக்கி, பாதத்தால் மெல்ல வருடியது. அதோடு முடிந்தது, போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. தாடையை விட்டுவிட்டுச் சுவரைச் சுற்றி வீட்டின் பின்புறம் வந்தது. பின்னறைக்கு நேராக நின்றது. நெற்றியைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்தது. முட்டவில்லை. சாய்ந்துகொண்டது.

ஹனீபா கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு இங்கேயே படுத்தார்.

வியாழன், 25-1

மேகமூட்டம். ஹனீபா போன பிறகு இவர் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தானாகவே சொன்னார்.

"வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போதே பாத்தேன், ருக்கு. மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார்."

"எதை?"

"எலும்புதான். பழைய ஓனர் கரண்டு வேலி போட்டிருந்தாராம். அதுல அடிபட்ட ரெண்டு யானையையும் ராவோட ராவா பொதைச்சுட்டாங்களாம். சொன்னா வேலைய நிறுத்திருவாங்க. கான்கிரீட் போட்டு மூடச் சொல்லிட்டேன்."

"எங்க?"

"பின்னறைக்கு அடியில." டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "நாம எடுத்த தாடை பெரிசோடது. அடியில இருக்கறது பெரிசு இல்ல. விலா எலும்பெல்லாம் இத்தனூண்டு. குட்டி."

அந்த அறையில்தான் மெத்தை விரித்து வைத்திருக்கிறேன்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. சுமதிக்குப் போன் செய்து, இப்போது வர வேண்டாம், அத்தை வீட்டிலேயே இரு என்றேன். "ஏம்மா? என்னாச்சு?" என்று அழுகிற குரலில் கேட்டாள். வீட்டில் வேலை நடக்கிறது என்று சொன்னேன். பிறகு இவரிடம் வந்தேன்.

"பின்பக்கக் காம்பவுண்டுச் செவுத்த எடுத்துப்போடுங்க, அது கிட்ட வரட்டும். நீங்க ஆள் கூப்பிடலீன்னா நான் கூப்பிடறேன்."

தலையாட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு முதலில் வனத்துறை ஆபீசுக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

வெள்ளி, 26-1

எங்கோ ஸ்பீக்கரில் குடியரசு தினப் பாட்டு. குழுவில் நாலு பேர் வந்தார்கள், கடப்பாரையோடு. இவர் அவர்கள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் பேசும் குரல் இல்லை. "நான் உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கக் கூடாது" என்றார். ஹனீபாதான் முதல் அடி போட்டார். சாயங்காலத்துக்குள் பின்பக்கச் சுவர் முழுக்கத் தரைமட்டம். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

வனக்காவலர் வந்து பார்த்தார். தாடையை யாரும் தொடக் கூடாது, திங்கட்கிழமை ரேஞ்சர் வருவார் என்றார். பின்னறையை இடிக்கத் தயார் என்று இவர் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்காமல். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

இன்று யானை வரவில்லை. ஆள் நடமாட்டம் அதிகம். வராதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சனி, 27-1

காற்றே இல்லை. மத்தியானமே எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. ரசம் மட்டும் வைத்தேன். இவர் சாப்பிடவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். சில்வண்டு நின்றது. இருவரும் பின்னறையில் இருந்தோம், லைட் போடவில்லை. ஜன்னல் முழுக்கச் சாம்பல் நிறம் வந்து அடைத்தது. இடித்த கற்கள் காலடியில் உருண்ட சத்தம். பிறகு எதுவுமில்லை.

அறைச் சுவரில் கை வைத்தேன். அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மூச்சு இழுக்கும்போது சுவர் அதிர்கிறது, விடும்போது நிற்கிறது. என் கை சூடானது போல இருந்தது. அப்படித் தோன்றியதோ என்னவோ.

அடிமண்ணைக் காலால் கீறத் தொடங்கியது. மெதுவாக. அஸ்திவாரத்தை ஒட்டி. ஒரு கீறல், ஒரு நிறுத்தம்.

இவர் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையைச் சிமெண்டில் வைத்துத் தடவினார். வெளியே ஒரு கீறல், உள்ளே ஒரு தடவல். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கீறலுக்கு என் கையையும் சிமெண்டில் வைத்தேன்.