சார் எழுதிய வாக்கியம்

சிட்லபாக்கம்
12.5.1991

அன்பு மகன் சீலனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஏரி வற்றி நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், கைபம்பு அடித்தே என் தோள்பட்டை கழன்றுவிட்டது. அப்பாவுக்குத்தான் மனசு சரியில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ரிட்டையர் ஆன பிறகும் கல்லூரியில் கூப்பிட்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் வகுப்பை அப்பாவிடம் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அதில் ஒட்டியெனோ என்று ஒரு கென்யப் பையன், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி, என் மீன் குழம்பை உன்னைவிட ரசித்துச் சாப்பிடுவான். எம்.ஃபில். பட்டத்துக்குக் கோவளத்து மீன் ஏலத்தைப் பற்றி எழுதினான். விடியற்காலை பஸ் பிடித்துப் போய் அந்தோணிசாமி என்ற படகுக்காரரோடு மணலில் உட்கார்ந்து, தமிழையும் அங்கேயே கற்றுக்கொண்டான். வாசலில் நின்று, இன்னாம்மா, வூட்ல மீனு கீதா என்பான். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

அவன் எழுதியதை அப்பா எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். படகுக்காரர் விலை சொல்லி நான் கேட்டதே இல்லை, கால் நனையாத ஆள்தான் விலை சொல்கிறான் என்று எழுதியிருந்தான். எனக்கு அந்தக் கரையே கண்ணில் தெரிந்தது. உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆராய்ச்சியில் நான் என்று வரக்கூடாதாம், கால் நனைவதெல்லாம் எழுதக்கூடாதாம். சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தார், மாற்றினார், கடைசியில் பக்கம் பக்கமாகத் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். பிரியத்தில்தான், பையன் தேறவேண்டுமே என்ற தவிப்பில்தான். அவனும் மரியாதைக்குத் தலையாட்டி அப்படியே டைப் அடித்துக் கொடுத்தான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பரிசோதகர் ஒரு பத்தியைக் காட்டி, இதை விளக்கு என்றாராம். இவன் யோசித்துவிட்டு, இது சார் எழுதியது, நான் எழுதியது வேறே என்று சொல்லிவிட்டான். அடுத்தவர் வாக்கியத்தை உன்னுடையது என்று சொன்னால் திருட்டு என்று வருஷம் முழுக்க வகுப்பில் முழங்கியவர் யார்? உன் அப்பாதான். பிள்ளை அதை நம்பியிருக்கிறான். கட்டுரை தள்ளுபடி ஆனது. அப்பா ஓடிப்போய், தப்பு என்னுடையது, அவன் முதலில் எழுதியதை வாங்கிப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். ரூல் இடம் கொடுக்காது சார் என்று முடித்துவிட்டார்கள். அவனுக்கு விசா முடிந்தது, உதவித்தொகையும் இனிமேல் வராது.

போன வியாழன் விடைபெற வந்தான். அப்பா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார், நான் தட்டியும் திறக்கவில்லை. சார் மேல கோவம் கெடையாதும்மா, பேஜார் ஆவ வாணாம்னு சொல்லு என்றான் அந்தப் பிள்ளை. பருப்புப்பொடி கட்டிக் கொடுத்துவிட்டு அழுதேன், வேறென்ன செய்ய. அவன் தெருமுனை திரும்பிய பிறகு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ரயில் போய்விட்டது. பட்டம் இல்லாமல் அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். அன்றிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.

சீலா, மஸ்கட் போன புதிதில் நீயும் நாலு பக்கம் எழுதினாய். அப்பா அதைச் சிவப்பில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு உன் கடிதமெல்லாம் நலம், வெயில் அதிகம், அவ்வளவுதான். அன்றைக்கே நான் சண்டை போட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்று அவரிடம் காட்டினேன். வழக்கம்போல் பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். ஒன்றையும் தொடவில்லை. கீழே நான் ஒரு வரி எழுதலாமா ரத்தினம் என்று கேட்டார். எழுதுங்கள் என்று இடம் விட்டிருக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு ஆராதனையை விடாதே, தலைக்கு எண்ணெய் வை.

உன் அம்மா
ரத்தினம் எலியேசர்

சீலா, அந்த நாலு பக்கக் கடிதம் நன்றாகத்தான் இருந்தது. — அப்பா