டொக்டர் பிள்ளைக்குக் கட்டிய சாப்பாடு

நெடுந்தீவு,
ஞாயிறு.

அன்பு மகள் லோஜனாவுக்கு அம்மா எழுதுவது,

மாதா துணையால் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க அந்தத் தாயையே மன்றாடுகிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். ஃபோனில் நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். அதுதான் கருவாட்டுப் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், மணக்கிறது என்று முகம் சுளிக்காதே.

போன கிழமை நீ சொன்னதே மனதை அரிக்கிறது. எத்தனை தரம் ஊசி குத்தியும் குழந்தைக்கு நரம்பு பிடிபடவில்லை, தாய் உன் கையைத் தட்டிவிட்டுப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள், வார்டே பார்த்தது, எனக்கு இந்த டொக்டர் வேலை சரிவராது, பயிற்சியை விட்டிட்டு வாறன் அம்மா என்றாய். அந்தத் தாய்மேல் எனக்கு வந்த கோபம்! என் பிள்ளை நித்திரை இல்லாமல் நிற்கிறாளே, அது இவளுக்குத் தெரியாதா என்று குசினிக்குள் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன். அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இனிக் கேள். செவ்வாய்க்கிழமை உன் அண்ணாவின் சின்னவள் டெனீசியாவுக்கு வயிற்றோட்டம், சத்தி, குடித்த தண்ணியும் வயிற்றில் நிற்கவில்லை, கண் உள்ளே போய்விட்டது. அண்ணா கடலுக்குப் போய்விட்டான், அவன் பெண்சாதி, உன் மச்சாளுக்குக் கைகால் ஓடவில்லை, நானும் அப்பாவும்தான் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறை வரும்வரை படகில் பிள்ளை அழக்கூட இல்லை, எனக்கு அதுதான் பயம். யாழ்ப்பாணத்தில் சேலைன் ஏற்ற வந்தது உன் வயதில் ஒரு சிங்களப் பிள்ளை, பயிற்சி டொக்டர், தமிழ் கொஞ்சம்தான் வந்தது. இரண்டு கையிலும் குத்திப் பார்த்தாள், பிறகு காலில். வற்றிப்போன பிள்ளைக்கு நரம்பு எங்கே தெரியும்? அப்பாவுக்கு வந்ததே விசர். “விடும் பிள்ளையை! நீர் பழகிறதுக்கு எங்கட குஞ்சோ கிடைச்சது? பெரிய டொக்டரைக் கூப்பிடும்!” என்று வார்டு அதிரக் கத்தினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் அடங்கவில்லை. கொஞ்சம் இருங்க அப்பா என்றாள் அவள். அந்த ‘அப்பா’வோடு இவர் வாயை மூடிவிட்டார். அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்து, மற்றக் காலில் ஏற்றிவிட்டாள். டெனீசியா இப்போது முற்றத்தில் கோழி கலைத்துக்கொண்டு திரிகிறாள்.

நான் வார்டில் நிற்க அப்பா ஊருக்குத் திரும்பினார். அடுத்த நாள் புட்டும் நண்டுக்கறியும் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், யாருக்கு என்று கேட்டால் சொல்கிறார் இல்லை. டொக்டர் பிள்ளைக்கு நண்டு உடைக்க நேரமிராது என்று ஓடெல்லாம் தானே உடைத்துச் சதையை எடுத்து வைத்தாராம், பிறகு மச்சாள் சொன்னாள். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே இல்லை, வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டாளாம். பெயரும் நாங்கள் கேட்டு வைக்கவில்லை. அன்றே டெனீசியாவையும் வீட்டுக்கு விட்டார்கள், பார்சலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு படகில் வந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

உன் கையைத் தட்டிய அந்தத் தாயும் உன்னைத் தேடி வந்திருக்கக்கூடும் மகள், நீ அந்த நேரம் டியூட்டியில் இல்லாமல் இருந்திருப்பாய். வரவேண்டும் என்றால் வா, உன் கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. அவள் கையைத் தட்டினதற்காக மட்டும் வராதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, செபமாலையை மறக்காதே. மாதா உன் கூடவே நிற்பா.

அந்த டொக்டர் பிள்ளையிடம் சொல்ல வைத்திருந்ததை உனக்கு எழுதச் சொல்லி அப்பா பக்கத்தில் நிற்கிறார். உன்னை ஒருநாளும் ‘நீர்’ என்று கூப்பிடாத மனிதன், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “பிள்ளை, நான் கத்தினதை மனசில வைச்சிருக்காதையும். நீர் சாப்பிட்டனீரோ?”

இப்படிக்கு,
அன்பு அம்மா
மேரிசுகந்தி சில்வெஸ்ரர்