தோரின் பறித்து வரும் கீரை

அன்புள்ள அக்லாயா,

உன் மூச்சிரைப்பு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்த இத்தாலிய முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை எனக்குச் சிரமமாக இல்லை.

நேற்று எர்மெலிந்தா அம்மாளுக்கு, நீ சாப்பிடும் அதே ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைப் பற்றி விளக்கினேன். புரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன்.

"கீரையை ஒரு நாள் அள்ளித் தின்னுட்டு மறுநாள் விட்டா மாத்திரை சரியா வேலை செய்யாது. போதுமா வாத்தியாரே? நீங்க இங்க இருக்கீங்க, உங்க வீட்டம்மாவுக்கு அங்க யாரு கீரை ஆயுறாங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவைத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கியதிலிருந்து பக்கத்து வீட்டுத் தோரின் தினமும் காஞ்சொறிக் கீரை பறித்து வந்து, உன் அடுப்பிலேயே சமைத்துத் தருவதாக எழுதியிருந்தாய். மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். இருந்தாலும் அந்த வரியைப் பலமுறை படித்தேன். அப்போது மாத்திரை என் நினைவுக்கே வரவில்லை.

"கீரையை இன்றே நிறுத்து" என்று எழுதிக் கிழித்துப்போட்டேன். அப்படித் திடீரென நிறுத்தினால் மாத்திரையின் வேகம் கூடி உனக்கு ரத்தக்கசிவு ஏற்படலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் மருத்துவரிடம் கீரையைப் பற்றிச் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள். அவர் மாற்றிச் சொல்லும்வரை தினமும் இப்போது சாப்பிடும் அளவே சாப்பிடு.

என் கம்பளிச் சட்டையை அனுப்பிவை. யாருக்கும் இரவல் கொடுத்துவிடாதே.

ஆக, தோரின் தினமும் வரத்தான் வேண்டும். கீரையை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல். சமைக்க உனக்கே தெரியும்.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
வலேரியு