யாரும் சாகாத துப்பாக்கிச்சூடு

ஹாலிஎல
17.11.1997

அன்பு மகள் ரொஷானிக்கு,

மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அமெரிக்காவில் நீயும் மருமகனும் குட்டி ஜொனியும் அதே சுகத்தோடு இருக்க தினமும் செபமாலை சொல்கிறேன். மழை விழுந்து தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, அப்பாவின் இருமலும் குறைந்துவிட்டது.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஓடுகிற காரிலிருந்து எவனோ சுட, குண்டு ஜன்னலை உடைத்து ஜொனியின் கட்டிலுக்கு மேலே சுவரில் இறங்கியது என்று எழுதியிருந்தாய். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தானாம், ஆண்டவருக்கு நன்றி. உன் அப்பா இருக்கிறாரே, பஸ் நிலையத்தில் நின்ற நம் தோட்டத்து ஆட்களிடம் “ரொஷானி வீட்ல சுட்டுட்டாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார், மீதியைச் சொல்வதற்குள் பதுளை பஸ் வர ஏறிப் போய்விட்டார். மத்தியானம் பார்த்தால் லயத்தில் குடியிருக்கிறவர்களில் பாதிப்பேர் சாவு வீட்டுக்கு வருவது போல சீனியும் பிஸ்கட்டுமாக வாசலில் நிற்கிறார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றதும் அவர்களுக்கு வெட்கம், எனக்குச் சிரிப்பு. அந்தச் சீனியிலேயே எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த காம்பரா வீட்டுக் கருப்பம்மா மட்டும் அழுகையை நிறுத்தவில்லை. ஏன்டி இன்னும் அழுகிறாய் என்றால், “செத்தாத்தான் அழணுமா? சுட்டவன் மனசெறங்கியா புள்ளைய விட்டான்?” என்கிறாள்.

அதைக் கேட்ட பிறகுதான் உனக்கு எழுத வார்த்தை கிடைத்தது. இப்படிச் சுடுகிறவர்களுக்கு, குண்டு யார் மேலும் படாவிட்டாலும், தண்டனையைக் கூட்ட உங்கள் மாநிலச் சட்டசபையில் சட்டம் வருகிறது, வந்து பேசு என்று உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யாரும் சாகவில்லையே, நான் என்ன பேச என்று கேட்டிருக்கிறாய். மருமகன் வம்பு வேண்டாம் என்கிறாராம். அவர் பயமும் நியாயம்தான், ஆனாலும் போ மகளே. பெரிய பேச்செல்லாம் வேண்டாம். ஜொனி இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று அதே கடிதத்தில் சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். நின்றால் அவன் தலை எங்கே வரும், குண்டு எங்கே இறங்கியது, இரண்டையும் சபையிலிருக்கிற ஐயாமாருக்குக் கையால் காட்டு, போதும்.

மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், மாதா துணையிருப்பாள். சட்டம் வரும்போது வரட்டும். பிள்ளையின் கட்டிலை அந்த ஜன்னல் பக்கமிருந்து நகர்த்திப் போட்டாயா? அதை நீ எழுதவே இல்லை.

உன் அம்மா
மரியகொரட்டி