தவக்காலத்தில் எழுதாமல் விட்டது

கியெஞ்ஜோஜோ, உகாண்டா,
பாஸ்கா திங்கள்.

அன்புள்ள அராலிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் ஜூபா சாலையில் உங்கள் லாரியோடு வரட்டும். பிள்ளைகள் மூவரும் சுகம். நானும் சுகம். இந்த முறை அது உண்மை. தவக்காலத்தில் எழுதிய இரண்டு கடிதங்களிலும் பொய் எழுதியிருந்தேன். பதறாமல் படியுங்கள்; ஆபத்து நீங்கிவிட்டது.

சாம்பல் புதன் காலையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அவரைக்கொட்டை அளவு. அன்று பூசையில் ஃபாதர் முகிசா என் நெற்றியில் சாம்பல் பூசி, நீ மண்ணுக்குத் திரும்புவாய் என்றார். வருஷா வருஷம் கேட்கிற வார்த்தைதான். இந்த வருஷம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. இது எனக்கு வந்த சிலுவை, வாய் திறக்காமல் சுமப்பதுதான் தவம் என்று நினைத்தேன். வெள்ளிதோறும் சிலுவைப் பாதையில் முழங்காலிட்டேன். செபித்தேன் என்று சொல்ல முடியாது. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் இனி யார் பக்கத்தில் இருப்பார்கள் என்றே மனம் ஓடியது.

கண்டுபிடித்தவள் அகீகி. தேயிலைத் தோட்டத்தில் என் பக்கத்து வரிசைக்காரி, உங்களுக்குத் தெரியுமே. கூடை வாரை நான் இடது தோளில் போடாமல் இருப்பதை நாலு நாள் பார்த்திருக்கிறாள். ஐந்தாம் நாள் கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டு, “அப்வோலி, மறைக்காத. அங்க என்ன?” என்றாள். சொன்னதும் அவளுக்கு வந்த கோபம்!

“ஆண்டவர் உபவாசம் இருக்கச் சொன்னாரு, ஊமையா இருக்கச் சொன்னாரா? சிலுவையைத் தூக்க அவருக்கே ஒரு ஆள் துணைக்கு வந்தான்டி. நீ என்ன அவரைவிடப் பெரிய ஆளா?” என்று கத்தினாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாளே மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டியை அறுத்தெடுத்து, சோதனைக்காகக் கம்பாலாவுக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பதினாறு நாள். குருத்து ஞாயிறன்று எல்லோரும் ஓலையை ஆட்டிப் பாடினார்கள்; என் கை எழவில்லை. தையல் காரணமில்லை, பயம்தான்.

பாஸ்காவுக்கு முந்தின புதன்கிழமை டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “புற்று இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். போய் உன் வேலையைப் பாரு” என்றார். நான் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அகீகிதான் வராந்தாவுக்குப் போய் ஓவென்று அழுதாள். ஒரு நர்ஸ் அவளை நோயாளி என்று நினைத்து, தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள்.

நேற்றுப் பூசையில், நாற்பது நாள் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவை எடுத்தார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஆண்டவருக்குக் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் களியும் மாட்டிறைச்சிக் குழம்பும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள்.

உங்களிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். வண்டி ஓட்டுகிறவர் கவனம் சிதறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மார்பை எடுத்துவிட்டால் என்னை எப்படிப் பார்ப்பீர்களோ என்ற பயம்தான் மீதி.

ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே திருநாளுக்கு எப்படியாவது லீவு கேளுங்கள். மார்பில் விரல்நீள வடு இருக்கிறது. மங்கும், முழுதாகப் போகாது என்கிறார்கள். அதை நீங்கள் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, எப்போதும்போல, பசிக்கிறது சோறு போடு என்று சொல்ல வேண்டும்.

போகும் வழியிலும் வரும் வழியிலும் ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

உங்கள்
அப்வோலி